எத்தனை பேர் இருந்தால் போதும்

கண்ணா,

வியாழக்கிழமை சாப்பாட்டு மேஜையில் நீயும் அப்பாவும் கூட்டுச் சேர்ந்து அந்த விஷயத்தைப் போட்டு உடைத்ததிலிருந்து உங்கள் இரண்டு பேரிடமும் நான் முகம்கொடுத்துப் பேசவில்லை. ரசம் வேண்டுமா என்றுகூட வாயால் கேட்கவில்லை. கரண்டியை நீட்டினேன், நீங்களும் நல்ல பிள்ளைகளாகத் தட்டை நீட்டினீர்கள். எனக்குக் கோபம் என்று அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார். கோபமும் உண்டு. ஆனால் வாயைத் திறந்தால் பயம்தான் முதலில் வெளியே வரும், அதுவும் அழுகையோடு வரும். நாளைச் சாயங்காலம் நீ நாக்பூருக்கு ரயில் ஏறப்போகிறாய். புது வேலை, தனி அறை, தெரியாத பாஷை. புறப்படுகிற பிள்ளை முன்னால் அழுது வைக்காதே என்று உன் அத்தை போன் போட்டு வேறு எச்சரித்திருக்கிறாள். அதனால் எழுதுகிறேன். ரயிலில் படித்துக்கொள்ளலாம் என்று பெட்டியில் போட்டு வைக்காதே. இன்றைக்கே படித்துவிடு.

நான் பயந்தாங்கொள்ளி என்பது ஊரறிந்த விஷயம். ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்க நான் நின்றுகொண்டிருக்கும் நேரத்தில் நீ எதிர்ப்பக்கம் டீயே குடித்து முடித்திருக்கிறாய். மழை பிடித்துக்கொண்டால் பீர்க்கன்கரணை ஏரியில் தண்ணீர் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்துவர அப்பாவைக் குடையோடு துரத்துகிறவள் நான். கேஸை மூடினேனா என்ற சந்தேகத்தில் பாதி வழியில் ஆட்டோவைத் திருப்பியவளும் நான்தான். இதையெல்லாம் வைத்து நீங்கள் என்னை ஓட்டுவீர்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். அவை சில்லறைப் பயங்கள், சிரித்தால் போய்விடும். சிரித்தும் போகாத பயம் ஒன்றுதான் எனக்கு. நீ எங்கேயாவது தனியாக விழுந்து கிடப்பாய், சுற்றி நிற்பவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியாது என்கிற பயம் அது.

அது குன்றத்தூரில் ஆரம்பித்தது. நீ ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாய். கிருத்திகை, நல்ல கூட்டம். மலையேறி முருகன் சன்னிதி வரிசையில் நின்றபோது என் கைக்குள் இருந்த உன் கை விறைத்தது. நான் திரும்புவதற்குள் நீ தரையில் கிடந்தாய். கண் மேலே செருகி, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. "இரும்பு குடுங்க, கைல இரும்பு குடுங்க" என்று யாரோ கத்தினார்கள். ஒரு பெரியவர் தன் சாவிக்கொத்தை உன் உள்ளங்கையில் திணித்தார். எல்லாம் அடங்கி, யாரையும் அடையாளம் தெரியாமல் நீ விழித்தபோது ஒரு அம்மாள் குனிந்து, "வலிப்பாம்மா?" என்று கேட்டாள். "இல்லீங்க, காலைலேர்ந்து சாப்பிடல, வெயில் வேற" என்றேன். உன் வாயோரத்து நுரையை முந்தானையால் துடைத்துக்கொண்டேதான் சொன்னேன். பொய் கொஞ்சமும் தடுமாறாமல் வந்தது.

அன்றிலிருந்து அதுதான் நம் வீட்டுச் சட்டம். பள்ளிக்கூடத்தில் கேட்டால் தலைவலி மாத்திரை, சொந்தக்காரர்கள் கேட்டால் சத்து மாத்திரை. யாரிடமும் சொல்லாதே, நாளைக்கு வேலை, கல்யாணம் என்று வரும்போது நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று உனக்கு ஓதி ஓதி வளர்த்தேன். நல்லவேளையாக டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையில் அது அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு தடவைகூட வரவில்லை. குலதெய்வத்துக்கு அடுத்தபடியாக நான் நம்பியது அந்தப் பச்சை அட்டை மாத்திரையைத்தான்.

இப்போது என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா ஊரப்பாக்கத்தில் மருந்துக் கம்பெனியில் கம்ப்யூட்டரில் என்னவோ கணக்குப் போடுகிறாள் என்பதற்கு மேல் நீ கேட்டதில்லை, நானும் உட்காரவைத்துச் சொன்னதில்லை. ஒரு கம்பெனி ஏற்கெனவே விற்றுக்கொண்டிருக்கிற மாத்திரையை இன்னொரு கம்பெனியும் செய்து விற்க வேண்டுமானால், இரண்டும் ரத்தத்தில் ஒரே மாதிரி சேர்கின்றன என்று காட்ட வேண்டும். அதுதான் பயோஈக்விவலன்ஸ் ஸ்டடி. ஆரோக்கியமானவர்களை எங்கள் இடத்தில் தங்கவைத்து, ஒரு மாத்திரையைக் கொடுத்து, மணிக்கணக்கில் ரத்தம் எடுத்து அளப்போம். உடம்பிலிருந்து மருந்து முழுக்க வெளியேறும்வரை சில வாரம் விட்டு, அதே ஆட்களை மறுபடி வரவழைத்து இன்னொரு மாத்திரையைக் கொடுத்து மறுபடி அளப்போம். யாரையும் அடுத்தவனோடு ஒப்பிடுவதில்லை, அவனை அவனோடுதான் ஒப்பிடுகிறோம். இதற்கெல்லாம் முன்னால், ஒரு ஆள்கூட வாசலில் கால் வைப்பதற்கு முன்னால், எத்தனை பேர் வேண்டும் என்று ஒருத்தி சொல்ல வேண்டும். அந்த ஒருத்தி நான்.

கேட்க சுலபமாக இருக்கும். ஒரே மாவு, ஒரே தட்டு, ஒரே அம்மா. நம் வீட்டு இட்லி தினமும் ஒரே மாதிரியா வருகிறது? மனுஷ உடம்பும் அப்படித்தான். ஒரே ஆளுக்கு ஒரே மாத்திரையை இரண்டு நாள் கொடுத்தால் ரத்தத்தில் இரண்டு விதமாக ஏறும். அந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு இருக்கும் என்று பழைய ஆராய்ச்சிகளைப் புரட்டிப் பார்த்து முன்கூட்டியே ஊகிக்க வேண்டும். இரண்டு மாத்திரைக்கும் உண்மையிலேயே எவ்வளவு வித்தியாசம் இருக்கக்கூடும் என்பதையும் ஊகிக்க வேண்டும். ஏற்ற இறக்கம் அதிகமென்றால் ஆட்கள் அதிகம் வேண்டும். குறைத்துச் சொல்லிவிட்டால் முடிவு தெளிவாக வராது. அத்தனை பேரின் ரத்தமும் வீண். கூட்டிச் சொல்லிவிட்டால், தேவையே இல்லாமல் இன்னும் சிலர் நோயில்லாத உடம்பில் மருந்தை ஏற்றிக்கொள்கிறார்கள். பயந்தாங்கொள்ளிக்கு ஏற்ற வேலைதான் எனக்குக் கிடைத்திருக்கிறது. இந்தப் பக்கம் விழுந்தாலும் அடி, அந்தப் பக்கம் விழுந்தாலும் அடி.

இன்னொன்றும் இருக்கிறது. எத்தனை பேரை வைத்துச் சோதித்தாலும் தவறுக்கு ஒரு இடம் விட்டுத்தான் ஆக வேண்டும். உண்மையில் ஒத்துப்போகாத ஒரு மாத்திரை எங்கள் கையிலிருந்து தப்பித்துத் தேறிவிடும் வாய்ப்பு இருபதில் ஒன்றுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. இருபதில் ஒன்று என்று எத்தனையோ தடவை தட்டச்சு செய்திருக்கிறேன். செய்துவிட்டு டப்பாவைத் திறந்து தயிர்சாதம் சாப்பிட்டிருக்கிறேன். அந்த ஒன்றுக்கு ஒரு முகம் இருக்கும் என்று அப்போது தோன்றியதில்லை.

பிறகு ஒருநாள் உன் மாத்திரையே என் மேஜைக்கு வந்தது. நீ சாப்பிடுகிற பச்சை அட்டைக்குச் சமமாக இன்னொரு கம்பெனி ஒன்று செய்திருந்தது, அதற்கு எத்தனை பேர் வேண்டும் என்று நான் சொல்ல வேண்டும். வீட்டில் வாயே திறக்கவில்லை. மற்ற எந்த ஸ்டடிக்கும் செய்யாத அளவுக்குப் பார்த்துப் பார்த்துக் கணக்குப் போட்டேன். இடையில் சிலர் நின்றுவிடுவார்கள் என்பதால் கடைசியில் கொஞ்சம் கொசுறும் சேர்ப்போம். எல்லா ஸ்டடிக்கும் சேர்க்கிற அதே கொசுறைச் சேர்த்தேன். முதல் சுற்று ஐப்பசியில் தீபாவளிக்குப் பிறகு முடிந்தது. அந்த மருந்து உடம்பைவிட்டுப் போக நாளாகும் என்பதால் இரண்டாவது சுற்று கார்த்திகையில் விழுந்தது. தேதியைக் காலண்டரில் குறித்தவளும் நான்தான்.

கார்த்திகை பிறந்ததும் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். மருந்து சாப்பிட வரவில்லை, வரமுடியாது என்று சொல்ல வந்தார்கள். கழுத்தில் மாலை, நெற்றியில் விபூதி, செருப்பில்லாத கால். சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் வெளியில் சாப்பிடமாட்டார்கள், எங்கள் இடத்திலோ எல்லோருக்கும் ஒரே சமையல், ஒரே அளவு, ஒரே நேரம். ஆளுக்குத் தகுந்தபடி மாற்ற முடியாது. விடியலில் குளிக்க வேண்டும் என்பார்கள், அந்த நேரத்தில் கையில் ஊசி குத்தியிருக்கும். யார் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், ஏன் என்று கேட்கக்கூட எனக்கு உரிமை கிடையாது. தெரிந்தும் நான் கீழே இறங்கிப் போய் ஒருவரிடம் கேட்டேன். படப்பைப் பக்கம் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர்.

"சாமி, ரெண்டே நாள்தானே?"

"இன்னா மேடம், நீங்களே இப்டி கேக்குறீங்க? சாமி வெளிய துன்ன முடியுமா?" என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "சாயங்காலமானா கேட்டாண்ட கறுப்பு வேட்டி கட்டிக்கினு ஒரு சாமி வண்டில குந்திகினு கீறாரே, அவரு உங்க வூட்டுக்காரர் தானே?" என்றார்.

அப்பாதான். வருஷா வருஷம் கார்த்திகை முதல் தேதி மாலை போடுகிறவர். அவருக்காகத் தனிப் பாத்திரம் எடுத்துக் கழுவி வைத்துவிட்டு, வெங்காயம் பூண்டு இல்லாமல் சமைத்துவிட்டு, அவரையே சாமி என்று கூப்பிட்டுவிட்டு ஆபீஸுக்கு வந்து, கார்த்திகையில் தாம்பரம் சுற்றுவட்டாரத்து ஆண்பிள்ளைகளை ரத்தம் கொடுக்க வரச்சொல்லித் தேதி போட்டிருக்கிறேன். வீட்டில் இருக்கிற சாமி கணக்கில் இல்லை. "அடுத்த வாட்டி பொங்கல் முடிஞ்சி வைங்க மேடம், எல்லாரும் வர்றோம்" என்று அவர் எனக்கு ஆறுதல் வேறு சொன்னார்.

மிஞ்சியவர்களை வைத்து ஸ்டடி முடிந்தது. தேறியது. ஆனால் எப்படித் தேறியது என்று எனக்குத் தெரியும். இரண்டு மாத்திரைக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்று இரண்டு பக்கமும் வேலி போட்டிருப்பார்கள். சராசரி மட்டும் உள்ளே இருந்தால் போதாது. சராசரிக்கு இரண்டு புறமும் எங்களுக்குள்ள சந்தேகமும் முழுசாக வேலிக்குள் அடங்க வேண்டும். ஆள் குறைந்தால் அந்தச் சந்தேகத்தின் அகலம் கூடும். கார்த்திகையை யோசிக்காமல் வழக்கமான கொசுறோடு நான் நிறுத்திக்கொண்டதால் அது விரிந்து, கீழ்ப்பக்கம் வேலியை உரசிக்கொண்டு நின்றது. விளிம்பு அங்கே நிற்பதற்குக் காரணம் ஆள் குறைந்ததுதான், மாத்திரையில் குறையில்லை என்று அறிவுக்குத் தெரியும். ஆபீஸில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு இதையே பாடமாக எடுக்கிறேன். ஆனால் முடிவை வரைந்த படத்தில் வேலியை ஒட்டி நின்ற கோட்டை நான் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன்.

இந்த ஆனியில் டாக்டர் சாதாரணமாகச் சொன்னார், பழைய மாத்திரை அடிக்கடி கிடைக்காமல் போகிறது, நீ போகிற ஊரில் கிடைக்குமோ என்னவோ, இந்தக் கம்பெனி மாத்திரைக்கு மாற்றிவிடலாம் என்று. சீட்டில் அவர் எழுதிய பெயர், என் மேஜைக்கு வந்த அதே மாத்திரையின் பெயர். வெளியே வந்து மருந்துக் கடை வாசலிலேயே சண்டை போட்டேன். நீ சிரித்தாய்.

"உங்க இடத்துல டெஸ்ட் பண்ணினதுதானேம்மா? நீ போட்ட கணக்கு. ஊர்ல எல்லார்கிட்டயும் ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்றே, எனக்கு மட்டும் ஆகாதா?"

"அது ஊருக்குடா. நீ ஊரில்ல" என்றேன். மலிவு மாத்திரை மட்டம் என்று பேசும் சொந்தக்காரர்களிடம் மணிக்கணக்கில் வாதாடியவள் நான். அவர்கள் பிள்ளைகளுக்குப் போதுமென்று சொன்ன கணக்கு என் பிள்ளைக்குப் போதவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே, மாற்றக் கூடாது என்று அடம்பிடித்தேன். "சரிம்மா, பழசையே போட்டுக்கறேன்" என்று நீ தலையாட்டினாய். அவ்வளவு சுலபமாக நீ தலையாட்டியபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

புரட்டாசி பிறந்து, நீ கிளம்பும் தேதி நெருங்கியது. இந்தத் திங்கட்கிழமை காலையில் அப்பா காபியை ஆற்றிக்கொண்டே, "பழைய மாத்திரை எங்கயும் ஸ்டாக் இல்லையாம். இன்னிலேர்ந்து புதுசுதான், டப்பாவுல போட்டுட்டேன்" என்றார். செவ்வாய்க்கிழமையே நான் உன் விரல்களில் நடுக்கத்தைப் பார்த்துவிட்டேன். புதன்கிழமை நீ ஒரே கேள்வியை இரண்டு தரம் கேட்டாய். ஞாபகம் போக ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன். கண் சொருகுகிற மாதிரி இருக்கிறது, முகம் வெளிறியிருக்கிறது, நடை சரியில்லை. நீ குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே தண்ணீர்ச் சத்தம் நிற்கிறதா என்று காதை வைத்துக்கொண்டு நின்றேன். வியாழக்கிழமை சாப்பிடும்போது டம்ளரைக் கை தவறிக் கவிழ்த்தாய் பார், அவ்வளவுதான், கத்திவிட்டேன். "இதுக்குத்தான் சொன்னேன்! தூக்கிப் போடுங்க அந்த மாத்திரையை!"

அப்பா பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்மா, அவன் ஆனி மாசத்துலேர்ந்து அதைத்தான் சாப்பிடறான்."

"டாக்டர் எழுதின அன்னிக்கே மாத்திட்டேம்மா" என்றாய் நீ. "ரத்தத்துல மருந்தளவு முன்னாடியும் பாத்தாச்சு, பின்னாடியும் பாத்தாச்சு. அவருக்குத் திருப்தி. உன்கிட்ட சொன்னா நீ தாங்க மாட்டேன்னுதான் மறைச்சோம். நான் கிளம்பறதுக்குள்ள நீ பழகிக்கட்டும்னு அப்பா திங்கக்கிழமை அப்படிச் சொல்லி வெச்சார்…"

ஆனி, ஆடி, ஆவணி முழுக்க ஒன்றும் பார்க்காத இந்தக் கண், அப்பா வாயைத் திறந்த மறுநாளே எல்லாவற்றையும் பார்த்துவிட்டது. எது எந்த மாத்திரை என்று தெரிந்தால் மனுஷர் மனசு விளையாடும் என்பதற்காகத்தான் ரத்தத்தை அளக்கிறவர்களுக்கு நாங்கள் அதைச் சொல்வதில்லை. அந்த விதியை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவளை நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழகாகச் சோதித்துவிட்டீர்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன். அதனால்தான் கோபம் இன்னும் அதிகம்.

நியாயமாகப் பார்த்தால் அன்றைக்கே எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரே ஒரு பையன், சில மாதம் ஒன்றும் ஆகவில்லை. இதை வைத்து ஒரு முடிவும் சொல்ல முடியாது என்று உள்ளே இருக்கிற கணக்குக்காரி சொன்னாள். பழைய மாத்திரை வருஷக்கணக்காகக் கைவிடவில்லையே, அதை எதற்கு விட வேண்டும் என்று அம்மா சொன்னாள். இரண்டு பேரும் எனக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டிருந்ததில் வெள்ளிக்கிழமை ஆபீஸுக்கும் போகவில்லை. ரயிலில் மேல் பர்த்தில் படுத்திருப்பாயே, நாக்பூர் அறையில் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாயே என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு வீட்டிலேயே கிடந்தேன்.

இன்று காலை பக்கத்து வீட்டு மாலதி அக்காவிடம் கறிவேப்பிலை வாங்கப் போனேன். "என்னடி முகம் இப்படி இருக்கு, புள்ள ஊருக்குப் போறான்னா?" என்று அக்கா தோளைத் தொட்டாள். அவ்வளவுதான், நான் உடைந்துவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக வெளி ஆள் ஒருத்தியிடம் சொன்னேன். என் பையனுக்கு வலிப்பு இருக்கிறது அக்கா, ஒன்பதாவதிலிருந்து இருக்கிறது, இத்தனை வருஷம் உங்களிடம்கூட மறைத்துவிட்டேன் என்று. சொல்லிவிட்டு அவள் முகம் எப்படி மாறுகிறது என்று பயந்துபோய்ப் பார்த்தேன். மாறவேயில்லை. கறிவேப்பிலையை உருவிக்கொண்டே இருந்தாள்.

"தெரியும்டி" என்றாள்.

கல்லூரி முதல் வருஷம், ஏரிக்கரை ரோட்டில் காலையில் நீ விழுந்தாயாமே. அவள் வீட்டுக்காரர் சுந்தரம் சார் பால் வாங்கப் போனவர் பார்த்து, உன்னை ஒருக்களித்துப் படுக்க வைத்து, நீ முழித்துத் தெளியும்வரை மடியில் தலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராமே. அம்மாகிட்ட மட்டும் சொல்லாதீங்க அங்கிள், செத்துப்போயிடுவாங்க என்று அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினாயாமே. சட்டையில் மண்ணோடு வந்து, தடுக்கி விழுந்தேன் என்று சொன்ன அன்றைக்கு நான் உனக்கு மஞ்சள் பத்து போட்டேன், கண்ணா. உன் அப்பாவுக்கும் இது தெரியாது. கேட்டேன், பேயறைந்த மாதிரி நிற்கிறார்.

"பின்ன, எங்க வீட்டுக்காரர் எதுக்கு தினம் அவன் கிளம்பற நேரம் பாத்து வாக்கிங் போறார்னு நெனச்சே?" என்றாள் அக்கா. "சர்க்கரைக்குன்னுதானே? அவருக்கு ஏதுடி சர்க்கரை?"

வண்டி ஓட்டக் கூடாது என்று நான் தடுத்ததால் நீ கல்லூரிக்கும், அப்புறம் கிண்டி ஆபீஸுக்கும் பெருங்களத்தூர் ஸ்டேஷன்வரை நடந்தே போனாய். அத்தனை காலமும் அவர் உன் பின்னால் நடந்திருக்கிறார். கொஞ்சம் தள்ளித்தான் வருவாராம், உனக்குச் சங்கடமாக இருக்கக் கூடாது என்று. நீ ரயில் ஏறியதும் திரும்பிவிடுவாராம். உனக்கு இது இந்தக் கடிதத்தைப் படிக்கும்போதுதான் தெரியும் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து, அடுப்பை மூட்டாமலே அடுப்படியில் நின்றபடி பழைய கணக்கையெல்லாம் மறுபடி போட்டுப் பார்த்தேன். பழைய மாத்திரை உன்னைக் கைவிட்டதே இல்லை என்று உன்னிடமும் டாக்டரிடமும் அடித்துச் சொன்னேனே, நீ விழுந்தது அந்த மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான். எனக்குத் தெரியாததால் கணக்கில் வரவில்லை. ஆபீஸில் யாராவது இப்படித் தகவலை மறைத்திருந்தால் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பேன். உன்னை என்ன சொல்வது? மறைக்கச் சொல்லிக்கொடுத்தவளே நான். குன்றத்தூரில் உன் முன்னாலேயே வெயில் என்று பொய் சொன்னவள், அப்புறம் நீ என்னிடம் தடுக்கி விழுந்தேன் என்று சொன்னதற்கு எந்த முகத்தோடு கோபப்படுவேன்? இத்தனை வருஷமாக மாத்திரை அட்டையைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன். அதே நேரத்தில், உன் பக்கத்தில் நிற்க வேண்டியவர்களின் வாசலையெல்லாம் நானே ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஒரே ஒரு மனுஷர்தான் அதையும் மீறி உள்ளே வந்தார், அதுவும் தற்செயலாக, பால் வாங்கப் போன வழியில். அவர் அன்றைக்குப் பால் வாங்கப் போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அதனால் மாத்திரையைப் பற்றி உன்னிடம் இனி ஒன்றும் சொல்லப்போவதில்லை. டாக்டர் சொன்னதைச் சாப்பிடு, வேளை தவறாதே, அவரைக் கேட்காமல் மாற்றாதே, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. வேறொன்று கேட்கிறேன். நாக்பூரில் யாரிடமாவது சொல். ஊருக்கெல்லாம் தண்டோரா போட வேண்டாம். பக்கத்து அறைக்காரனோ, பக்கத்து மேஜைக்காரனோ, வீட்டுக்கார அம்மாவோ, யாராவது ஒருவர். எனக்கு இப்படி வரும். வந்தால் பயப்பட வேண்டாம், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையில் சாவி வேண்டாம், சீக்கிரம் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், தெளியும்வரை கூட இருங்கள் என்று சொல். குளியலறைத் தாழ்ப்பாளைப் போடாதே. ஒரு மாத்திரை தேற எத்தனை பேர் வேண்டும் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியும். உனக்கு ஒருவர் போதும், ஆனால் அந்த ஒருவர் கட்டாயம் வேண்டும். சொன்னால் விலகிப் போவார்களோ என்று உனக்குப் பயமாக இருக்கும். இருக்கட்டும், அந்தப் பயத்தையும் நான்தானே உனக்கு ஊட்டினேன். விலகுகிறவர் விலகட்டும், அடுத்தவரிடம் சொல். இந்தக் கடிதத்தையும் நீ ஒளித்து வைக்க வேண்டாம், யார் படித்தாலும் படிக்கட்டும்.

எனக்குப் பயம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். நாளை உன் ரயில் கிளம்பியதிலிருந்து போன் அடிக்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போய்த்தான் வரும். கூடுமானவரை நானாகக் கூப்பிடாமல் இருக்கப் பார்க்கிறேன்.

நாளைக்குப் பெட்டிகளை அப்பா ஆட்டோவில் கொண்டுவருவார், நானும் அவரோடு வந்துவிடுகிறேன். நீ ஸ்டேஷனுக்கு வழக்கம்போல நடந்து வா. சுந்தரம் சாரும் வருவார். இந்தத் தடவை பின்னால் வராதீர்கள் சார், அவன் பக்கத்திலேயே நடந்து வாருங்கள் என்று நான் போய்க் கேட்டுவிட்டு வந்தேன். போகும் வழியில் அவரிடம், எனக்கு வலிப்பு இருக்கிறது என்று உன் வாயால் சொல். அவருக்குத் தெரியும்தான், இருந்தாலும் சொல். நாக்பூரில் சொல்ல வேண்டியதை இங்கே ஒரு தடவை சொல்லிப் பழகிக்கொள்.

அம்மா